மணியின் பொட்டலம் எது?

தட்டில் அடுக்கியிருந்த வாழையிலைப் பொட்டலங்களில் ஒன்றை மட்டும் கொங்கேவ் இரண்டு விரலால் தூக்கித் தட்டுக்கு வெளியே வைத்தாள்.

"இது தனியா இருக்கட்டும்" என்றாள்.

அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பசையரிசிச் சோற்றை உருண்டை பிடித்துக்கொண்டிருந்த புவாலையின் கை நின்றது. அக்கா எடுத்து வைத்தது எந்தப் பொட்டலம் என்று அவள் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. காலையிலிருந்து கட்டியதிலேயே பெரியது அது. அவளுடைய மகள் செங்மணிக்கு. போன வருடம், செத்தவர்களுக்குச் சோறு வைக்கும் இந்த விழா முடிந்த மறுவாரம் மணி செத்துப்போனாள். செத்த பிறகு அவளுக்கு வைக்கும் முதல் சோறு இதுதான்.

"எதுக்குக்கா தனியா?"

"எதுக்கா? நாளைக்கு விடியக்காலம் அம்மா வருவாங்க, அப்பா வருவாங்க, சின்ன மாமா வருவாரு. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. இவளும் நடுவுல போய்க் கைய விட்டா? அவங்களுக்கு ஒட்டிக்கிச்சுன்னா?"

"செத்தவங்களுக்கா?"

"செத்தவங்களுக்கு ஒட்டாதுன்னு உனக்கு யாராவது எழுதிக் குடுத்திருக்காங்களா?"

எங்கள் ஊரின் வைத்திய அறிவு சுடுகாட்டோடு நின்றுவிடுவதில்லை. அதைத் தாண்டியும் வெகுதூரம் போகும். ஒன்பதாம் மாத அமாவாசையன்று செத்தவர்கள் பசியோடு ஊருக்குள் வருவார்கள். விடிவதற்குள் கோயில் மதிலோரம் தரையில் அவர்களுக்குச் சோற்றுப் பொட்டலம் வைத்துவிட வேண்டும். யாருடைய பொட்டலமாவது விட்டுப்போனால் அந்த ஆள் வெறும் வயிற்றோடு அழுதுகொண்டே திரும்பிப் போவார், வீட்டுக்குப் பெரிய பாவம். இதிலெல்லாம் எங்களுக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில்தான் எங்களுக்கு ஆயிரம் சந்தேகம்.

கொங்கேவ் மூக்கை உறிஞ்சினாள். வெளியே வைத்த பொட்டலத்தை மறுபடி பார்த்தாள்.

"என்னடி வாசனை இது? பன்னிக்கறியா?"

"ஆமா."

"மணி பொட்டலத்துலயா வச்சே? அடிப்பாவி, அவளுக்குப் பன்னிக்கறி ஆகாதே!"

"செத்தவளுக்கு என்னக்கா ஆகப்போகுது?" என்றாள் புவாலை. "இன்னொரு தரம் செத்துருவாளா?"

வீட்டுக்கு அடியில் மூங்கில் பிளக்கும் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவன் புவாலையின் புருஷன் காம்தான். அக்காளும் தங்கையும் வாயைத் திறந்தால் அவன் ஏணி இறங்கிக் கீழே போய்விடுவான். எங்கள் ஊரில் வீடுகளைக் கால்கள் மேல் தூக்கிக் கட்டுவது வெள்ளத்துக்காக என்று சொல்வார்கள். கல்யாணமான ஆண்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

"நான் கெட்டதுக்கா சொல்றேன்?" கொங்கேவின் குரல் இறங்கியது. "எனக்கும் அவ மக மாதிரிதான். தனியா ஒரு நல்ல இடமா, கோயில் அத்திமரத்துக்கு அந்தப் பக்கம் வச்சிரலாம். நிழலா இருக்கும். அவளும் நிம்மதியாச் சாப்பிடுவா, மத்தவங்களும் நிம்மதியாச் சாப்பிடுவாங்க."

கொங்கேவ் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. குடும்பத்தில் அவள்தான் மூத்தவள். அது போதாதென்று கோயிலில் பெண்கள் பக்கத்தில் எந்த வீட்டுப் பொட்டலம் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவளும் அவள்தான். வரிசை ஒரு விரல்கடை கோணினாலும் அவளுக்குப் பொறுக்காது. அவள் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். மணிக்குப் பிடிக்கும் என்று வாழைப்பழம் பொரித்தால் முதல் தட்டை இந்த வீட்டுக்குத்தான் கொண்டுவருவாள். கொண்டுவந்து ஏணியின் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்றுகொண்டு, "மணி, சூடா இருக்குடி கண்ணு, எடுத்துக்க" என்று கூப்பிடுவாள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. நாலடி தூரம், அவ்வளவுதான்.

மணிக்கு ஒன்பது வயதில் வலிப்பு வந்தது. எங்கள் ஊரில் இதற்குப் பன்றிப் பைத்தியம் என்று பெயர். பெயர் வைத்தவன் பன்றியையும் சரியாகப் பார்க்கவில்லை, பைத்தியத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் பெயர் வைத்தாகிவிட்டது, அதனால் மணி பன்றிக்கறி தின்னக் கூடாது என்று ஆயிற்று. எச்சில் பட்டால் ஒட்டும், நுரை பட்டால் நிச்சயம் ஒட்டும், விழுந்து கிடக்கும்போது தொட்டால் அப்போதே ஒட்டும் என்றும் ஆயிற்று. எல்லோரும் ஒரே கூடையில் கை விட்டுச் சோறு எடுத்துத் தின்கிற ஊர் இது. அதில் மணிக்கு மட்டும் தனிக் கூடை வந்தது. கூடை மாறிப்போய்விடக் கூடாதே என்று கொங்கேவ் தன் பழைய சிவப்புக் கைலியில் ஒரு துண்டைக் கிழித்து அதன் காதில் கட்டினாள். மிச்சக் கைலியையும் இந்த வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். "நைஞ்சு போனா மாத்திக் கட்டுங்க" என்றாள். முன்யோசனைக்காரி.

மணி இதற்கெல்லாம் மூலையில் உட்கார்ந்து அழுகிற பெண் இல்லை. "நான் திங்காததால நம்ம ஊர்ல ரெண்டு பன்னி கூடுதலா உயிரோட திரியுது. அதுங்க எனக்குக் கோயில் கட்டணும்" என்பாள். பிறந்தநாளுக்கும் புதுவருடத்துக்கும் பெரியவர்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டி, உயிர் உடம்பை விட்டுப் போகாமல் இருக்க வாழ்த்துவார்களே, அப்போது மணியின் மணிக்கட்டைத் தொடப் பயந்து நூலை அவள் மடியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவள் ஒவ்வொரு நூலாக எடுத்து, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டு, வாழ்த்தையும் தானே சொல்லிக்கொள்வாள். "நூறு வயசு இரு மணி. நல்ல புருஷனா அமையட்டும் மணி. அவன் காது கேக்காதவனா இருக்கட்டும் மணி." சுற்றியிருப்பவர்கள் சிரித்து உருளுவார்கள், சற்றுத் தள்ளி உட்கார்ந்தபடி.

அவளுக்குப் பதினாறு வயதானபோது ஒரு வேலை செய்தாள். அதை ஊர் இன்னும் மறக்கவில்லை. புதுவருடச் சாப்பாடு கோயில் மண்டபத்தில். கோயிலின் சோற்றுக்கூடைகள் எல்லாம் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் வாங்கியவை. எதற்கும் எதற்கும் வித்தியாசம் தெரியாது. மணியுடையதையும் அன்றைக்கு அதிலேயே ஒன்றாக எடுத்து, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். எல்லோரும் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்தால், எல்லாக் கூடையிலும் சிவப்புத் துணி.

சுட்ட மீன் ஆறிக்கொண்டிருந்தது. கொத்துக்கறியில் ஈ உட்கார்ந்தது. ஒருவரும் கையை நீட்டவில்லை.

"எதுடி உன் கூடை?" என்று கொங்கேவ் கத்தினாள்.

"எனக்கே தெரியல பெரியம்மா" என்றாள் மணி. "நீங்க ஒவ்வொண்ணாத் தின்னு பாருங்க. எதைத் தின்னா விழறீங்களோ அதுதான் என்னுது."

முதலில் பிள்ளைகள் பொறுமை இழந்தன. பிறகு ஆண்கள். கடைசியில் கொங்கேவும் தின்றாள், பசி யாரை விட்டது. அன்றைக்கு யாருக்கும் வலிப்பு வரவில்லை. நாலு பேருக்கு வயிற்றால் போயிற்று, அது மீன் செய்த வேலை. இதைப் பார்த்து ஊர் ஏதாவது கற்றுக்கொண்டது என்று நினைத்தால் எங்கள் ஊரை உங்களுக்குத் தெரியாது. "கோயில் மண்டபமா இருந்ததால தப்பிச்சோம்" என்றாள் கொங்கேவ். மறுநாள் வீட்டில் மணியின் கூடையில் துணி முன்னைவிட இறுக்கமாகக் கட்டப்பட்டது.

புவாலைக்கு மட்டும் ஒரு திருட்டுப் பழக்கம் இருந்தது. அக்கா இல்லாத நேரமாகப் பார்த்து மகளின் கூடையில் கையை விட்டு அவளோடு சேர்ந்து தின்பாள். ஏணியில் காலடிச் சத்தம் கேட்டால் அந்தக் கை தன் கூடைக்கு ஓடிவிடும். மணி ஒருநாள் இதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏம்மா, சொந்த மக சோத்தைத் திருடித் திங்கிற ஒரே அம்மா நீதாம்மா."

"வாய மூடுடி. உங்க பெரியம்மா காதுல விழுந்தா அவ்வளவுதான்."

"சரி விடு. செத்தப்புறமாவது பயமில்லாம ஒரே கூடையில திங்கலாம். நான் முதல்ல போய் இடம் பிடிச்சு வைக்கிறேன். பெரியம்மா வர நாளாகும், அவங்க உடம்பு கல்லு."

"ச்சீ, என்ன பேச்சு இது!" என்று புவாலை அவள் தோளில் அடித்தாள்.

"திங்கலாமா, கூடாதா? அதைச் சொல்லு."

"திங்கலாம், திங்கலாம். இப்பத் தின்னு."

பேச்சை முடிப்பதற்காகச் சொன்ன வார்த்தை. மணி போன பிறகு புவாலைக்கு அது ஒன்றுதான் நினைவில் நின்றது. தான் மகளுக்குக் கொடுத்த ஒரே வாக்கு அதுதான் என்று அவள் நினைத்தாள். அதையும் இப்போது அத்திமரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறாள் அக்கா.

மணி எப்படிப் போனாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருக்கிற பெரிய ஊரில் ஒரு நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். இது மூளையில் வருகிற கோளாறு, ஒட்டாது, விழுந்தால் தொடலாம், ஒருக்களித்துப் படுக்க வைக்கலாம் என்றெல்லாம் சொல்லி அனுப்பினாள். மணி வந்து ஊரில் அதை அப்படியே சொன்னாள். ஊர் கவனமாகக் கேட்டது. கேட்டுவிட்டு, "அந்த நர்ஸுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று விசாரித்தது. மாத்திரை சாப்பிட்ட பிறகு வலிப்பு எப்போதாவதுதான் வந்தது. போன மழைக்காலத்தில் பாதை அறுந்துபோய் மாத்திரை தீர்ந்தது. பெரிய ஊருக்குப் போக மணி படகுக்காரனிடம் கேட்டதற்கு, "நீ படகுக்குள்ள விழுந்தா நான் தொடணும், வெளியே விழுந்தா நான் குதிக்கணும். ரெண்டும் நமக்கு ஆகாது தாயி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். காம்தானையும் ஏற்றவில்லை, ஆறு சீறுகிறது என்றான். காம்தான் காட்டைச் சுற்றி நடந்தே போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் மணி ஆற்றங்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது விழுந்தாள். முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை. முகம் குப்புற விழுந்தாள். அங்கே ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் மணி ஏதோ சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்திருந்தாள். இளம்பெண் ஒருத்தி அவளைத் தூக்கப் பாய்ந்தாள். கொங்கேவ் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "தொடாதே! தொட்டா ஒட்டிக்கும்! தானா நிக்கும், பொறு!" என்றாள். தானாகத்தான் எப்போதும் நிற்கும், தரையில் விழுந்தபோதெல்லாம் அப்படித்தான் நின்றது. தண்ணீரைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் சுற்றி நின்று, "வாடி மணி, திரும்பி வாடி" என்று அவள் உயிரைக் கூப்பிட்டார்கள். உயிரைக் கூப்பிட எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையைப் பிடித்துத் தூக்கத்தான் ஆள் இல்லை. அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. காம்தான் சட்டைப்பையில் மாத்திரையோடு வந்து சேர்ந்தபோது வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. எல்லோரையும்விட அதிகமாக அழுதவள் கொங்கேவ். அது பொய்யழுகை இல்லை.

இப்போது அந்தக் கொங்கேவ்தான் சமையலறையில் நின்று பதிலுக்குக் காத்திருந்தாள்.

"என்னடி பேச்சைக் காணோம்?"

புவாலை கையிலிருந்த சோற்று உருண்டையை இலையில் வைத்தாள். "சரிக்கா" என்றாள். "நீ சொன்னா சரிதான். நாளைக்குக் காலைல பாத்துக்கலாம்."

"அதான் நல்ல புள்ளைக்கு அழகு. மணி பொட்டலத்துக்கு மட்டும் ஒரு அடையாளம் வச்சிரு, இருட்டுல மாறிடப் போகுது. அந்தச் சிவப்புத் துணி இருக்குல்ல, அதுல ஒரு துண்டு கட்டிரு."

"கட்டிடறேன்க்கா."

கொங்கேவ் ஏணி இறங்கினாள். கீழே கட்டுவதற்கு மூங்கில் நார் சீவிக்கொண்டிருந்த காம்தானிடம், "தம்பி, உன் பொண்டாட்டி நல்லவதான். எடுத்துச் சொன்னா புரிஞ்சுக்கிறா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் புவாலை மணியின் பொட்டலத்தைப் பிரித்தாள். எல்லாப் பொட்டலங்களையும் பிரித்தாள். அம்மாவுடையது, அப்பாவுடையது, சின்ன மாமாவுடையது, பிறந்த உடனே செத்துப்போன தம்பியுடையது, எல்லாவற்றையும். சோற்றைக் கலந்தாள், மீனைக் கலந்தாள், பன்றிக்கறியைப் பங்கு வைத்தாள். ஒரே அளவாக, ஒரே மாதிரியாக மறுபடி மடித்தாள். கட்டுவதற்கு நார் கேட்கலாம் என்று பலகைத் தரையின் இடுக்கு வழியாகக் கீழே குனிந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் இடுக்கு வழியாக ஒன்று மேலே வந்தது. நார் இல்லை. சிவப்புத் துணித் துண்டு. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. காம்தான் கீழே உட்கார்ந்து கொங்கேவின் பழைய கைலியை ஒரே அகலத்தில் கிழித்துக் கிழித்து மேலே அனுப்பிக்கொண்டிருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு நடந்த பேச்சிலேயே நல்ல பேச்சு அதுதான்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும் முன்பே கோயில் முரசு அடித்தது. பெண்கள் மெழுகுவத்தியும் தட்டுமாக வந்து மதிலோரம் உட்கார்ந்தார்கள். கொங்கேவ் அங்கும் இங்கும் நடந்து, இந்த வீடு இங்கே, அந்த வீடு அங்கே என்று இடம் காட்டினாள். தன் குடும்பத்து இடத்துக்கு வந்ததும் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"எங்க, மணியோடதை எடு. நானே கொண்டுபோய் அத்திமரத்துக்கிட்ட வச்சிட்டு வரேன்."

புவாலை தட்டின் மூடியைத் திறந்தாள். கொங்கேவ் மெழுகுவத்தியைத் தாழ்த்திப் பார்த்தாள். எல்லாப் பொட்டலத்திலும் சிவப்புத் துணி.

கொங்கேவுக்கு உடனே புதுவருடச் சாப்பாடு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எதுடி மணியோடது?"

"எனக்கே தெரியலக்கா."

"விளையாடறியா? அம்மாவோடது எது? அதையாவது சொல்லு."

"அதுவும் தெரியல. எல்லாம் ஒரே சோறுதான்."

கொங்கேவ் ஒரு பொட்டலத்தைத் தொட்டாள், விட்டாள். இன்னொன்றைத் தொட்டாள். அத்திமரத்துக்கு எதைக் கொண்டுபோவது? எல்லாவற்றையும் கொண்டுபோனால் பெற்ற அம்மாவை ஊரை விட்டுத் தள்ளி வைத்ததாக ஆகும். ஒன்றும் வைக்காமல் போனால் அம்மாவும் அப்பாவும் அழுதுகொண்டே திரும்பிப் போவார்கள். வானம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. முரசு இரண்டாம் முறை அடித்தது.

"பாவி, பாவி" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். "அம்மாவுக்கு ஒட்டிக்கிட்டா என்னடி பண்ணுவே? வயசான காலத்துல அவங்க அங்க விழுந்து துடிச்சா யாருடி பாப்பாங்க?"

புவாலை அக்காவின் கையிலிருந்து மெழுகுவத்தியை வாங்கி மதில்மேல் ஒட்டினாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"மணி இருக்கால்லக்கா. அம்மா விழுந்தா அவ தொட்டுத் தூக்குவா. அவளுக்குப் பயமில்ல."

அந்த வரிசையில் ஆற்றங்கரைப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. அன்றைக்குப் பாய்ந்து இழுத்துப் பிடிக்கப்பட்ட அந்த இளம்பெண் மட்டும் தன் தட்டை நகர்த்திக்கொண்டு வந்து புவாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொங்கேவ் மதிலோரம் குனிந்தாள். பிறகு ஒவ்வொரு பொட்டலமாக எடுத்துத் தரையில் வைத்தாள். ஒன்றை ஒன்று தொடும்படி, ஒரே வரிசையில். கடைசிப் பொட்டலத்தை வைத்த பிறகும் அவள் கை அதன் மேலேயே இருந்தது.

இதோடு கதை முடிந்திருந்தால் எங்கள் ஊருக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும்.

அன்றைக்குப் பக்கத்து இடத்தில் பொட்டலம் வைத்தவளுக்கு அந்த வாரம் லாட்டரியில் சிறிய தொகை விழுந்தது. சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் வைத்ததால்தான் விழுந்தது என்று அவள் சொன்னாள். சிவப்பு கட்டினால் நாய் அண்டாது என்றார் ஒருவர். அடுத்த வீட்டுச் செத்தவர்கள் நம் வீட்டுச் சோற்றைத் தின்ன வர மாட்டார்கள் என்றார் இன்னொருவர். மறுவருடம் ஒன்பதாம் மாத அமாவாசைக்கு மதிலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பொட்டலம் பாக்கியில்லாமல் சிவப்புத் துணி. கேட்டால், "நம்ம ஊர்ல எப்பவும் இப்படித்தானே" என்றார்கள். ஊர் முழுவதும் சேர்ந்து மணியின் பழைய வேலையைத் திரும்பச் செய்துவிட்டது, ஒருவருக்கும் தெரியாமல். அவள் பார்த்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

சம்பந்தி வீட்டுக்கு வந்திருந்த வெளியூர்ப் பெண் ஒருத்தி மதிலைப் பார்த்து அதிசயப்பட்டாள். "என்ன அழகா இருக்கு! யாரும்மா இதை ஆரம்பிச்சது?"

பக்கத்தில் கொங்கேவ் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். புவாலைதான் சொன்னாள்.

"எங்க அக்காதான். முதல் முதல்ல துணி கட்டினது அவதான். என் பொண்ணு சோத்துக்கூடையில."

"புண்ணியவதி!" என்று அந்தப் பெண் கொங்கேவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். கொங்கேவ் பதிலுக்குக் கை கூப்பவில்லை. குனிந்து, நேராக இருந்த பொட்டலங்களை இன்னும் நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

கோயிலில் இப்போது செத்தவர்கள் எல்லோரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். ஊருக்குள் மேலத்தெருவில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குப் போன அறுவடையிலிருந்து வலிப்பு வருகிறது. பெயர் தாவன். அவளுக்கும் தனிக் கூடை வந்துவிட்டது. அதில் நீலத் துணி கட்டியிருக்கிறார்கள். சிவப்பு நல்ல சகுனமாகிவிட்டதே, அதைக் கட்ட முடியுமா?

புவாலை சாயங்காலமானால் அந்த வீட்டு ஏணி ஏறிப் போகிறாள். தாவனுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நீலத் துணி கட்டிய கூடையில் கையை விடுகிறாள். இருவரும் பேசிச் சிரித்துக்கொண்டு தின்கிறார்கள். நேற்று அப்படித் தின்றுகொண்டிருந்தபோது ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. தாவன் பயந்து நிமிர்ந்து பார்த்தாள். வந்தது கொங்கேவ், கையில் பொரித்த வாழைப்பழத் தட்டு. வழக்கம்போல் கீழ்ப்படியில் வைத்துவிட்டுப் பின்னால் போகாமல், பாதி ஏணியில் நின்றிருந்தாள்.

"சூடா இருக்கு" என்றாள்.

"மேல வாக்கா" என்றாள் புவாலை. அவள் கை கூடைக்குள்ளேயே இருந்தது.